அக்கா தைத்த இறக்கை

ஒருமுறை ஷெட்டில் கொட்டிக்கிடந்த ரெசின் பசையில் கால் வழுக்கி அக்கா விழுந்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்து, "இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். நான் மறந்தே போனேன். அடுத்த மழைக்காலத்தில் புதுவாயல் கூட்ரோடில் என் பைக் சேற்றில் சறுக்கியது. முழங்கால் கிழிந்து ரோட்டோரம் கிடந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். தூக்கிவிடுவாள் என்று கையை நீட்டினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சிரித்தாள்.

"கொஞ்சம் இருடா. மொதல்ல சிரிச்சி முடிச்சிக்கிறேன்."

முடித்துவிட்டுத்தான் தூக்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், தையல் போடும்போது என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

என் கூடப்பிறந்தவள் இல்லை, கம்பெனியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அப்படித்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். அவளிடம் யார் கத்தினாலும் அவள் திருப்பிக் கத்த மாட்டாள். "இருக்கட்டும்" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தால் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் பெண்களை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் அவருடைய மாமனார் கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார். அக்கா எல்லார் முன்னாலும், "ஏய், இன்னா இன்னும் டீ வரல?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதன்பிறகு சூப்பர்வைசர் வாயிலிருந்து "ஏய்" வந்ததை நான் கேட்கவில்லை. மழையில் அவள் ஒருத்திக்காக நிறுத்த மனமில்லாமல் போன ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் இருந்தான். அவனைத் தினமும் கை காட்டி நிறுத்துவாள். நின்றதும், "நீ போ" என்பாள். அவன் ரூட்டையே மாற்றிக்கொண்டான்.

கல்யாணமாகி ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். ஏன் என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

எங்கள் ஷெட் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு எல்லாம் ஃபைபரில் செய்வோம். பின்பக்கம் தனியாக ஒரு ஷெட்டில் முதலாளி ஏரோப்ளேன் கட்டினார். விளையாட்டுக்கு இல்லை, ஆள் ஏறிப் பறப்பது. வெளிநாட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு, அலுமினியக் குழாயையும் மெல்லிய மரச்சட்டங்களையும் பூட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற சின்ன விமானம். ஏரிக்கரை ஓரமாக அவருக்கு நிலம் இருந்தது. அதைச் சமப்படுத்தி வடக்குத் தெற்காக ஒரு மண் ஓடுபாதை போட்டிருந்தார்.

அக்காவை அங்கே வேலைக்குக் கூட்டிவந்தது அவள் தம்பிதான். அவன் வெளியூரில் ஒரு பறக்கும் கிளப்பில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே ஓட்டக் கற்று, லைசென்சோடு திரும்பியவன். முதலாளிக்குச் சொல்லிக் கொடுக்கவும் விமானத்தைப் பார்த்துக்கொள்ளவும் அவனை வைத்திருந்தார்கள். இறக்கைக்குத் துணி போர்த்தி, சட்டத்தோடு சேர்த்துத் தைக்க ஆள் வேண்டும் என்றதும், "எங்கக்கா கீது" என்றான். அவர்களுடைய அப்பா எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரித் தார்ப்பாய் தைப்பவர். அக்காவுக்கு அந்தக் கை; இறக்கைத் தையலை மட்டும் தம்பி காட்டிக்கொடுத்தான். மெழுகு தடவிய நூலில் அவள் போட்ட முடிச்சுகள் எறும்பு வரிசை மாதிரி ஒரே அளவாக ஓடும். தைத்து முடித்து இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டினால் துணி சுருங்கி, தட்டினால் ஓசை வருகிற அளவுக்கு விறைத்துக்கொள்ளும்.

தம்பியும் நானும் ஒரே வயது. எளாவூரில் அவர்கள் வீட்டில் நிறைய நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவனுக்குப் பேச்செல்லாம் விமானம்தான். அந்தக் கடைசி மாதங்களில் முதலாளியைப் பற்றி ஒரே புலம்பல். தட்டிலிருந்து தோசையை எடுத்து அக்காவுக்குச் சாய்த்துச் சாய்த்துக் காட்டுவான்.

"தோ பாருக்கா, எறங்க வரும்போது கடல் பக்கமா வந்து, லெப்ட்ல திரும்பி, இன்னொரு தபா திரும்புனா ரன்வேக்கு நேரா வரணும். கடக்காத்து பின்னாலருந்து தள்ளுதா, ரன்வேயத் தாண்டிப் போயிடுது. தாண்டுனா உட்டுடணும். மேல ஏறிச் சுத்தி வந்து எறங்கிக்கலாம். மொதலாளி உடமாட்றாரு. கால்ல மிதிச்சி வால ஒதச்சி, குச்சியப் பின்னால இழுத்து, அங்கியே திருப்பப் பாக்குறாரு. ஸ்பீடு செத்துடும். ஒரு பக்கத்து எறக்க தொங்கிடும். அப்பால ஒண்ணும் பண்ண முடியாது, அவ்ளோ தாழ்வுல."

"சொல்றதுதான?"

"சொன்னா, ஓட்றது நானா நீயான்றாரு."

அவன் செத்தது அப்படித்தான். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான் எங்கள் வீட்டாரோடு பெரியபாளையத்தில் இருந்தேன். முதலாளியும் தம்பியும் ஏறினார்கள். இறங்க வந்தபோது ஓடுபாதையின் வடக்கு முனைக்கு முன்னாலேயே பனைமரங்களுக்கு நடுவே விமானம் தலைகீழாகக் குத்தியது. முன் சீட்டில் இருந்த முதலாளிக்கு வலது கால் நொறுங்கியது. பின் சீட்டில் இருந்த தம்பி அங்கேயே போய்விட்டான்.

விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி, ஓட்டியது தம்பிதான் என்றார். இரண்டு சீட்டிலும் ஓட்டும் குச்சி இருக்கிறது. லைசென்ஸ் இருந்தவனும் தம்பிதான். மேலே இரண்டு பேர், ஒருவன் செத்துவிட்டான். பேப்பரில் பைலட்டின் தவறு என்று வந்தது.

காரியம் முடிந்த கையோடு அவர்களுடைய அப்பா என்னை பைக்கில் கூட்டிப் போகச் சொன்னார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. அக்காவும் பின்னாலேயே பஸ்ஸில் வந்திருந்தாள். முதலாளி காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் விழுந்து கும்பிட்டார்.

"எம் புள்ள பண்ண தப்புக்கு நீங்க இப்பிடிக் கெடக்குறீங்களே சார்."

முதலாளி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "எழுந்திருங்க பெரியவரே. அவன நான் மன்னிச்சிட்டேன்" என்றார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் வேலையை விடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். விடவில்லை. முதலாளி தடியூன்றி நடக்க ஆரம்பித்து இரண்டாவது விமானத்துக்குச் சட்டம் பூட்டியபோது, துணி போர்த்த அவளே வந்து நின்றாள். முதலாளி அவளைப் பார்த்து, "கஷ்டமா இல்லியாம்மா?" என்று கேட்டார். "வேலதான சார்" என்றாள். தம்பி முன்பு பார்த்த இன்னொரு வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். விமானம் மேலே இருக்கும்போது கையில் ரேடியோவோடு ஓடுபாதையின் வடக்கு முனையில் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாதையில் ஆடு மாடு இருக்கிறதா என்று மேலே சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து எருமைகள் ஏறி வந்துவிடும். அவற்றை ஓட்டுவதற்குக் கம்போடு நான்.

வீட்டில் அவளுடைய அப்பா தார்ப்பாய் தைப்பதை நிறுத்திவிட்டார். யாராவது பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால், "இன்னொருத்தர் உசுர வெச்சினு வெளாட்டு காட்டுனான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அக்கா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "பெரிய மனுசன் பொய்யா சொல்வாரு? அவரே மன்னிச்சிட்டாரு" என்றுதான் பதில் வரும்.

அடுத்த வருஷ ஆடியில் பெரியபாளையத்துக்கு என்னோடு வந்தாள். சுற்றிலும் வேப்பிலை கட்டிக்கொண்டவர்கள் கூட்டம். அம்மன் முன்னால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட, அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, கும்புடல?"

"கும்புட வரல. என்னை ஒரு தபா பாத்துக்கட்டும்னு வந்தேன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளைப் போல ஒருத்தி, அந்த மனிதர் ஏறப்போகும் இறக்கையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது பின் ஷெட்டுக்குப் போனேன். இறக்கையில் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டை விரலால் நெம்பிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"நல்லா இழுத்துப் பாருடா. பிரிஞ்சா சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா டிபன் டப்பாவோடு நின்றிருந்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"தம்பி கத்துக்குடுத்த தையலு இது. அத நான் கெடுப்பனா? துணி கிழிஞ்சி உழுந்தா, தார்ப்பா தைக்கிறவன் பொண்ணு ஒழுங்கா தைக்கலம்பானுங்க. அந்தப் பேரும் எங்க ஊட்டுக்கே வரணுமா?"

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

இரண்டாவது விமானத்தைக் காட்டி, அதேபோலச் செய்து விற்கலாம் என்று முதலாளிக்கு யோசனை. மாசி மாதத்தில் ஒரு காலை. சென்னையிலிருந்து வாங்குகிற மாதிரி சில பேர், அவருடைய வீட்டம்மா, எங்கள் கம்பெனி ஆட்கள் என்று தெற்கு முனையில் பந்தல் போட்டு உட்காரவைத்தார். மேலேயிருந்து தான் பேசுவதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று ரேடியோவை ஒலிபெருக்கியோடு இணைக்கச் சொன்னதும் அவர்தான். பாரம் குறையட்டும் என்று பெட்ரோல் கொஞ்சமாகத்தான் ஊற்றினோம். வழக்கம்போல வடக்கு முனையில் அக்காவும் நானும்.

ஏறியது அழகாகத்தான் ஏறியது. ஏரியைச் சுற்றினார். "எல்லாரும் தெரியுறீங்க" என்று பேசினார். அந்தக் கோடியில் கை தட்டினார்கள். நேரமாக ஆகக் கடல்காற்று எழும்பியது. பாதையோரம் காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்து நின்றது.

இறங்க வந்தார். கடல் பக்கமாக வந்து இடது பக்கம் திரும்பினார். காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஓடுபாதைக்கு நேரான கோட்டைத் தாண்டிப் போவது எனக்கே தெரிந்தது. மூக்கு மேலே பார்த்தபடி இருக்க, விமானம் ஒருக்களித்து, எங்கள் தலைக்கு மேலேயே தயங்கியது போலிருந்தது. இன்ஜின் சத்தம் அடங்கியிருந்தது. திரும்பும் பக்கத்து இறக்கை லேசாக நடுங்கியது.

அக்கா ரேடியோவை வாயருகே கொண்டுபோனாள். குரல் உயரவே இல்லை.

"சார், கால எடுங்க. வால ஒதைக்காதீங்க. குச்சிய முன்னால உடுங்க. பவர் குடுங்க. எறங்க வாணாம், மேல போங்க."

அவர் கேட்டார். மூக்கு சரிந்தது, இறக்கை நேரானது, இன்ஜின் அலறியது. பனைமரங்களை உரசுகிற மாதிரி தாண்டி மேலே ஏறினார்.

அவர் சுற்றி வருவதற்குள் ஏரிக்கரையிலிருந்து எருமைகள் ஏறி ஓடுபாதையின் நடுவே வந்து நின்றன. கம்பை எடுத்துக்கொண்டு ஓடப் போனேன். அக்கா இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"இரு."

"அக்கா, எருமைங்க."

"தெரியுது. இரு."

மேலேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. கொஞ்சம் முன்னால் கேட்ட குரல் இல்லை. மூச்சு வாங்கியது. "காத்து எப்படி இருக்கு? பாதை க்ளியரா?"

"சார், இப்ப நான் சொன்னன் பாருங்க, கால எடுங்க, மேல போங்கன்னு. அன்னிக்கி எந் தம்பியும் இதத்தான சொன்னான்?"

ஒலிபெருக்கியில் இன்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது. பந்தலில் ஒவ்வொருவராக எழுந்து நிற்பது தூரத்தில் தெரிந்தது.

"ஏம்மா, மாடு நிக்குது. ஓட்டச் சொல்லு."

"சொன்னானா சார்?"

அவர் மறுபடி ஒரு சுற்றுப் போனார். பந்தலிலிருந்து சூப்பர்வைசர் எருமைகளை நோக்கி ஓடி வரத் தொடங்கினார், ஆனால் பாதி பாதைகூட வரவில்லை. அக்காவின் கை என் முன்னால் அப்படியே நீட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று கேட்டால், எனக்கும் அந்தப் பதிலைக் கேட்க வேண்டியிருந்தது.

"பெட்ரோல் இல்லம்மா."

"தெரியும் சார். நாங்கதான ஊத்துனோம்."

இன்னும் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "சொன்னான்" என்றது ஒலிபெருக்கி.

"யாரு ஓட்னது?"

"நான்தான். நான்தான் ஓட்டினேன். அவன் விடுங்கன்னு கத்தினான். நான் விடல."

அக்கா கையை இறக்கினாள். நான் ஓடினேன். எருமைகளைக் கரைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டுத் திரும்பியபோது அவள் மேலே பேசிக்கொண்டிருந்தாள். "காத்து தென்கிழக்கு சார். முன்னாடியே திரும்புங்க. அவசரம் இல்ல. இப்ப நேரா கீறீங்க. வாங்க." தம்பி வீட்டில் தோசையை வைத்துக்கொண்டு பேசுகிற அதே நிதானம். விமானம் இரண்டு தடவை குதித்து நின்றது.

முதலாளி வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டம்மா பந்தலிலிருந்து நடந்து வந்து, கொஞ்ச தூரத்திலேயே நின்று அவரைப் பார்த்தார். திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டார். அக்கா விமானத்தின் பக்கத்தில் போய், "ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வரணும் சார். நைனாகிட்ட நீங்களே சொல்லணும்" என்றாள்.

ஷெட்டுக்கு நடந்து திரும்பும்போது கேட்டேன். "மொத தபாவே உட்டுட்டு இருந்தா அவரே உழுந்திருப்பாரே அக்கா."

"செத்துட்டா நைனாகிட்ட வந்து யார்ரா சொல்றது?"

"எருமைங்க நிக்கும்போது அவரு சொல்லாம இருந்திருந்தா?"

அவள் என்னைத் தாண்டி முன்னால் போனாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் நடந்தாள்.

பயத்தில் சொன்னது செல்லாது என்று முதலாளியின் வக்கீல் சொன்னாராம். விசாரணை ஃபைல் மாறவில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "ஃபைல வெச்சினு நான் இன்னா பண்றது" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். வீட்டம்மா அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டார்கள். காரை ஓட்டியது நான்.

பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளியைக் கண்டதும் பதறி எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, "வாங்க சார், வாங்க" என்று தன் நாற்காலியைத் துண்டால் தட்டினார். அதைப் பார்த்தபோது அக்காவின் முகம் இருந்த இருப்பை இப்போதும் என்னால் சொல்லிக் காட்ட முடியாது.

முதலாளி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முழுதும் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களே சார்" என்றார் பெரியவர்.

முதலாளி அவர் காலைத் தொடக் குனிந்தார். "வாணாம் சார், வாணாம்" என்று பெரியவர் தோளைப் பிடித்தார்.

"கைய எடு நைனா. உழட்டும்" என்றாள் அக்கா.

பெரியவர் மகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

முதலாளியின் வலது கால் மடங்காது. கதவு நிலையைப் பிடித்து, நல்ல காலை மடக்கி, கெட்ட காலை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். வலியில் பல்லைக் கடித்தது தெரிந்தது. தாங்கிப் பிடிக்க நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நின்றுவிட்டேன். அவர் பெரியவரின் பாதத்தில் கையை வைத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, எழ முடியாமல் அங்கேயே கிடந்தார். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். போதும் என்று அவளுக்குத் தோன்றியபிறகு எனக்குத் தலையசைத்தாள். நான் அவரைத் தூக்கிக் காரில் உட்காரவைத்துவிட்டு, மறந்துபோன அவருடைய தடியை எடுக்கத் திரும்பி வந்தேன்.

அக்கா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் அவள் தலையில் கையை வைத்திருந்தார்.

"உனுக்கு மனசு ஆறிச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆவுல நைனா. உனுக்கு?"

பெரியவர் வெளியே காரைப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு கோபம் ஏறியிருந்தது.

"எனுக்கு இப்பத்தாம்மா ஆரம்பிக்குது" என்றார்.